சொந்த வீடா, வாடகையா: பார்க்கப் போனவள் சொல்வது

வீட்டுக் கடன் கேட்டு மனுப் போட்டவர்களின் வீட்டுக்கு நேரில் போய், இவர்கள் இருபது வருஷம் தவணை கட்டுவார்களா மாட்டார்களா என்று பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுப்பது என் வேலை. ஏழு வருஷமாகப் பார்க்கிறேன், இந்தத் தொழிலில் பயப்படாத ஆள் கண்ணில் படுவது அபூர்வம்.

ஆலங்காயத்தில் இருக்கிற ஒரு சின்னத் தனியார் கடன் கம்பெனியின் கிளை எங்களுடையது. மேலே காவலூர், ஜமுனாமரத்தூர், மலையைத் தாண்டி அந்தப் பக்கம் சந்தவாசல் வரைக்கும் ஸ்கூட்டரில் நான்தான் போவேன். கடன் கேட்டவர்கள் என்னைப் பார்த்துப் பயப்படுவார்கள். தப்பாக எழுதிவிட்டால் என்ன ஆகுமோ என்று நான் பயப்படுவேன். சாயங்காலம் என் வாடகை வீட்டுக்குத் திரும்பினால் அங்கே வேறு பயம். காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கு முன் ஓனர் ஊரில் இருக்கிறாரா என்று யோசித்தவர்களும், தவணைத் தேதி நெருங்கினால் போன் அடித்தாலே எடுக்கத் தயங்குகிறவர்களும் இதைப் படித்துக்கொண்டிருந்தால் வாங்க, இப்படிப் பக்கத்தில் உட்காருங்க. நாமெல்லாம் ஒரே கட்சி.

நாலு பேர்

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆலங்காயத்திலேயே ஏழுமலை என்ற பஞ்சர் கடைக்காரர் கடன் கேட்டிருந்தார். பதினோரு வருஷமாக ஒரே வாடகை வீடு. போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தடதடவென்று ஓடுகிற சத்தம். பாத்திரம் ஒன்று உருண்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, யாரோ வாயைப் பொத்தியது போல சட்டென்று நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு அடி பின்னால் வைத்தேன். அதற்குள் ஏழுமலையின் மனைவி லட்சுமி கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, "இன்னா வேணும்?" என்றார். முகமெல்லாம் வேர்வை.

கடன் கம்பெனி என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. ஓனரம்மாவின் மகள் என்று நினைத்துவிட்டாராம். வீட்டைக் கொடுக்கும்போது, நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று பேச்சு. ஆனால் புருஷன் விட்டுவிட்டுப் போன தங்கையும் அவளுடைய கைக்குழந்தையும் மூன்று மாசமாக இங்கேதான் இருக்கிறார்கள். யார் கதவைத் தட்டினாலும் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய் நின்றுகொள்வாள். 'எதற்காக வீடு வாங்குகிறீர்கள்?' என்று என் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. அன்றைக்கு அதைக் கேட்கவில்லை, நானே எழுதிக்கொண்டேன். அவர்களுக்குக் கடன் கிடைத்தது, சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு நான் செருப்பை மாட்டும்போது லட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதைத்தான்: "மேடம், கடன் குடுக்கலைன்னாலும் பரவால்ல. ஓனரம்மாகிட்ட மட்டும் நாங்க ஆறு பேர் கீறோம்னு சொல்லிடாதீங்க."

கடைசித் தவணை

காவலூரில் ஒப்பந்தத்துக்குக் கார் ஓட்டுகிறவர் சங்கர். வயது நாற்பத்து நாலு. நாலாயிரம் வாடகையில் இருந்தார். ஆலங்காயத்தில் இரண்டு ரூம் வீடு ஒன்று விலைக்கு வந்ததும் ஆசைப்பட்டு மனுப் போட்டுவிட்டார். தவணை மாசம் பதினோராயிரம், அதுவும் பதினாறு வருஷத்துக்கு; கடைசித் தவணை கட்டும்போது அவருக்கு அறுபது வயது. அவர் மனைவி ரேவதி தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மிஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

கடனோடு ஒரு இன்சூரன்ஸும் சேர்த்துப் போடுவோம். அதை விளக்குவதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி. எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாக்கித் தவணையை இன்சூரன்ஸ் கட்டிவிடும் என்று அவர் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். மிஷின் நின்றது. "காண்ட்ராக்ட்டு நின்னு போச்சுன்னா அதுக்கு இன்சூரன்ஸ் கீதா?" என்று கேட்டார் ரேவதி. இல்லை என்றேன். "தவணை எத்தினி மாசம் நின்னா நோட்டீஸ் வரும்?" மூன்று மாசம் என்றேன். சங்கர் தரையைப் பார்த்தார். அடுத்த நாளே ஆபீசுக்கு வந்து மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரை அனுப்பி வைத்தது ரேவதி கடைசியாகக் கேட்ட கேள்விதான். ரொம்பச் சாதாரணமாக, துணியில் பின்னைக் குத்திக்கொண்டே கேட்டார்: "அவரு இல்லாம போனா வூடு எங்களுக்கு. அவரு வேலை இல்லாம போனா வூடு உங்களுக்கு. அப்பிடித்தான மேடம்?"

தோள் உயரத்துப் பிளக்

வீட்டுக்கு என்ன விலை பெறும் என்று மதிப்புப் போட கம்பெனியில் ஒரு இன்ஜினியர் உண்டு. தாமோதரன் சார். அதிகம் பேச மாட்டார். சந்தவாசல் பக்கம் ஒரு வீடு பார்க்க இரண்டு பேரும் போயிருந்தோம். வாங்கப்போவது தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற சுகன்யாவும் அவள் கணவனும். சுகன்யாவுக்கு ஏழாம் மாசம். பிரசவத்துக்கு முன்னால் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவசரம். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. வீடு புதுப் பெயின்ட் வாசனையோடு பளபளவென்று இருந்தது. அவள் ஒவ்வொரு ரூமாகக் கூட்டிப்போய், தொட்டில் இங்கே, பீரோ அங்கே என்று எனக்குக் காட்டினாள். எனக்கே ஆசையாக இருந்தது.

தாமோதரன் சார் நடு ஹாலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். "மேடம், பிளக் பாயின்ட்டெல்லாம் எங்க கீது பாருங்க" என்றார் மெதுவாக. பார்த்தேன். எல்லாப் பிளக்கும் தோள் உயரத்தில் இருந்தன. ஒன்றுகூடக் கீழே இல்லை. குழந்தைகள் கை வைக்காமல் இருக்க என்று சிரித்தார் விற்கிறவர். சார் வாசல் பக்கம் போனார். கதவுக் கீலைத் தொட்டார். இடுப்புக்கு மேலே இருந்தது புதுசு மாதிரி இருந்தது. கீழே இருந்தது துருப்பிடித்து விரலோடு உதிர்ந்தது. சாவியால் சுவரை லேசாகச் சுரண்டினார். பெயின்ட்டுக்கு அடியில் காய்ந்த சேறு ஒரு கோடாக நின்றது, இடுப்பு உயரத்தில். வீட்டுக்குப் பின்னால் ஏரிக் கால்வாய் ஓடிய இடத்தை மண் போட்டு மூடி மனை போட்டிருந்தார்கள். சுகன்யா வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். தனக்குள் உயரம் அளக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அவர்கள் வாங்கவில்லை. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் நடையாய் நடந்த பிறகு. அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது விற்கிறவர் வண்டி வரைக்கும் வந்து, நிஜமாகவே மனசு நொந்து சொன்னார்: "வருஷத்துக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளு கீது சார். அதுல ஒரு நாள் தண்ணி வர்றதுக்கா இவ்ளோ யோசிப்பாங்க?"

சிரித்த பார்ட்டி

பயப்படாத ஆள் அபூர்வம் என்றேன் இல்லையா, ஒருவரைப் பார்த்தேன். ஜல்லி லாரி வைத்திருந்த பாஸ்கர். கேட்டதற்கெல்லாம் சிரிப்பு. "தவணை ஜாஸ்தியாச்சே சார்" என்றால் "பாத்துக்கலாம்" என்பார். ஒப்பந்தத்தின் முப்பது பக்கத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? முதல்முறையாக ஒரு வீட்டிலிருந்து பயமில்லாமல் வெளியே வந்தேன். 'நம்பிக்கையான மனிதர்' என்று அழுத்தி எழுதிக் கொடுத்தேன்.

எட்டாவது மாசம் போன் ஸ்விட்ச் ஆஃப். போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது, லாரியையும் காணோம். பக்கத்து வீட்டில் கேட்டால், பெங்களூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அறிக்கையில் என் கையெழுத்து. வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் மேனேஜர் ரவி சார் முன்னால் போய் நின்றேன். அவர் கத்தவில்லை. பாஸ்கரின் பைலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, அனுபவப்பட்டவர் குரலில் சொன்னார்: "பயப்படறவங்க எங்கயும் ஓட மாட்டாங்க மேடம். இனிமே யாராவது சிரிச்சா, நீங்க பயப்படுங்க."

வீட்டிலிருந்தவர்

போக்கியம் எங்கள் பக்கத்தில் சர்வ சாதாரணம். ஓனரிடம் மொத்தமாக மூன்று லட்சமோ நாலு லட்சமோ கொடுத்துவிட்டு, வாடகையே இல்லாமல் மூன்று வருஷம் இருப்பார்கள். காலி பண்ணும்போது பணம் முழுசாகத் திரும்ப வரும். வாடகையும் மிச்சம், பணமும் பத்திரம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வாரம் எங்கள் ஓனரே, "போக்கியத்துக்கு மாத்திக்கிறீங்களாமா?" என்று கேட்டிருந்தார். என் கணவர் பார்த்திபன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நகையை விற்றாவது கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஒரு வீட்டில் நோட்டீஸ் ஒட்ட என்னையும் கூட அனுப்பினார்கள். அந்த வீட்டின் மேல் எங்களிடம் கடன் வாங்கிய ஓனர் ஏழு மாசமாகக் கட்டவில்லை. கதவைத் திறந்தது ஓனர் இல்லை. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தினேஷ், நாலு லட்சம் கொடுத்துப் போக்கியத்துக்கு இருக்கிறவர். உள்ளே அவர் மனைவி பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தார். வீட்டின் மேல் கடன் இருப்பதே தினேஷுக்குத் தெரியாது. நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். நான் பசை டப்பாவின் மூடியைத் திரும்ப மூடினேன். ஏனென்றால் அந்த வாசலில் அவருக்குப் பதில் என்னை வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஓனர் ஆறு மாசம் இழுத்தடித்துவிட்டு எங்கோ புரட்டிப் பாக்கியைக் கட்டியதால் தினேஷ் ஒருவழியாகத் தப்பித்தார். அந்த ஆறு மாசமும் அவர் கடையை மதியமே சாத்திவிட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாராம். அன்றைக்கு அவர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. விளங்காமல் கேட்டார்: "நான் வாடகையும் பாக்கி வெக்கல, கடனும் வாங்கல. என் வூட்டுல எப்டி மேடம் நோட்டீஸ் ஒட்டுவீங்க?"

காகிதம்

ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு சின்ன ஊர். சடையன், காளியம்மா என்று ஒரு மலைக் குடும்பம். சாமை போடுகிறார்கள், நாலு புளியமரம் இருக்கிறது. மகன் அன்பழகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. அங்கே ஒரே ரூமில் மூன்று பேரோடு வாடகைக்கு இருக்கிறான். கீழே வாடகை கொடுத்து மாளவில்லை, ஊரில் இருக்கிற வீட்டையே இடித்து நல்லதாகக் கட்டலாம் என்று கடன் கேட்டிருந்தான். நான் போனபோது வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. காளியம்மா கோழியை விரட்டிவிட்டு, உட்கார இடம் காட்டி, கம்பங்கூழ் கொடுத்தார். பாஸ்கரை விட்டால், நான் பார்த்த வீடுகளிலேயே என்னைப் பார்த்து யாரும் பயப்படாத வீடு அதுதான். காலை நீட்டிக்கொண்டு பேசினோம்.

பிறகு காகிதம் கேட்டேன். சடையன் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, மடித்து மடித்துக் கிழியப் போகிற இரண்டு ரசீதைக் கொடுத்தார். அவர் அப்பாவின் அப்பா பெயரில் இருந்தது. சர்வே நம்பர் இந்த இடத்தோடு ஒத்துப்போகவில்லை. கம்பெனி வக்கீல் இதை ஏற்க மாட்டார் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னேன். காகிதப்படி இந்த இடம் யாருடையது என்று தெளிவாக இல்லை, கடன் கஷ்டம் என்று. சடையன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "யாராச்சும் வந்து எங்கள காலி பண்ணச் சொல்லுவாங்களா?" என்றார். "ஐயோ, அதெல்லாம் இல்லீங்க" என்றேன் அவசரமாக. ஆனால் என் குரலே எனக்கு நம்பும்படி இல்லை.

அப்புறம் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தேன், இரண்டு தடவை கூடப் போனேன். இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் பயத்தைக் கொண்டுபோய் வைத்தவள் நான்தான். காளியம்மா குற்றம் சொல்கிற மாதிரிகூடச் சொல்லவில்லை. கூழ்ச் சட்டியை எடுத்துக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "நீ வர்ற வரிக்கும் இது எங்க வூடுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தோம்."

என் வீட்டுக்கு வந்தவர்

போக்கியம் வேண்டாம் என்று சொன்னதும் எங்கள் ஓனர் வீட்டை விற்கவே முடிவு செய்துவிட்டார். இருபத்து நாலு லட்சம். நீங்களே எடுத்துக்கொண்டால் சந்தோஷம், இல்லையென்றால் மூன்று மாசத்தில் காலி பண்ணிவிடுங்கள் என்றார். ஒன்பது வருஷம் இருந்த வீடு. எங்கள் பெண் நடை பழகினது அந்த ஹாலில். காலி பண்ணுவதை நினைத்தால் பயம், வாங்குவதை நினைத்தால் அதைவிடப் பயம். கடைசியில் என் கம்பெனியிலேயே மனுப் போட்டேன். என் வீட்டை நானே பார்க்க முடியாது இல்லையா, திருப்பத்தூர் கிளையிலிருந்து ஜெயந்தி என்று ஒரு பெண் வந்தாள். நான் கேட்கிற அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டாள். எல்லாக் கேள்வியும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் பதில் சொல்லும்போது டீயைத் தட்டில் சிந்தினேன். கடன் பத்தொன்பது லட்சம் ஒப்புதலாகிவிட்டது.

கையெழுத்துப் போட வேண்டியது திங்கட்கிழமை. ஞாயிறு காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பார்த்திபன் எதிரே வந்து உட்கார்ந்தார். "இது வேற யாரோ ஒருத்தரு வூடா இருந்து, நீ பாக்கப் போயிருந்தா இன்னா எழுதுவ?" என்று கேட்டார். நான் கையைக் கழுவிவிட்டு, பையிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்தேன். இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து நாற்பத்தோராயிரம். தவணை இருபதாயிரத்துத் தொள்ளாயிரம். பெண்ணின் ஸ்கூல் பீஸ், மாமியாருக்கு மாத்திரை, பஸ் ஓடாத நாளுக்குச் சம்பளம் இல்லை. இப்போது கொடுக்கிற வாடகை ஏழாயிரம். வருஷத்துக்கு ஐந்நூறு ஏறினால்கூட, மிச்சத்தைச் சீட்டுப் போடாமல் பேங்கில் போட்டுவந்தால் பத்து வருஷத்தில் கையில் ஒரு தொகை நிற்கும். எல்லாவற்றையும் எழுதினேன். 'அதிகாரியின் கருத்து' என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். அங்கே வந்ததும் பேனா நின்றது. அந்த ஹாலை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு 'தாங்காது' என்று எழுதினேன். அழுகை வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்திபன் படிவத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, மடித்து என்னிடமே கொடுத்துச் சொன்னார்: "அப்ப வேற வாடகை வூடு பாக்கலாமா, மேடம்?"

வீட்டை வாங்கினவர்

காவலூர் ரோட்டில் இன்னொரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டோம். நாலாவது மாசம் பார்த்திபன் வேலை பார்த்த பஸ்ஸை இரண்டு மாசம் நிறுத்தி வைத்தார்கள். வீட்டை வாங்கியிருந்தால் ஐந்தாம் தேதிதான் தவணை, அந்த இரண்டு மாசமும் அந்தத் தேதி வந்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். புது ஓனர் பதினோராவது மாசமே ஆயிரம் ஏற்றினார். அவர் தெருவில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டாலே எனக்குக் கை வேலை ஓடாது.

போன வாரம் சந்தையில் எங்கள் பழைய வீட்டை வாங்கினவரைப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க், ஜெகதீசன் என்று பெயர். ஆள் இளைத்திருந்தார். வணக்கம் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றுகொண்டே இருந்தார். கடன் கம்பெனியில் வேலை பார்க்கிறவளே, ஒன்பது வருஷம் குடியிருந்த வீட்டை, கடன் ஒப்புதலாகியும் வாங்காமல் விட்டுவிட்டாள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து சுவரைத் தட்டிப் பார்ப்பதும், பத்திரத்தை எடுத்து எடுத்துப் படிப்பதுமாக இருக்கிறாராம். வீடு நல்ல வீடுங்க, எங்களுக்குத்தான் சம்பளம் போதவில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. காய்கறிக் கூட்டத்திலிருந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உண்மையச் சொல்லுங்க மேடம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்... அந்த வூட்டுல இன்னா கோளாறு கீது?"

வாங்கினவருக்கு ஒரு பயம், வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு பயம் என்று ஆன பிறகு, எந்தப் பயம் நம் சம்பளத்துக்குள் அடங்குகிறதோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குத்தான் 'கணக்குப் போட்டு எடுத்த முடிவு' என்று கௌரவமாகப் பெயர் வைத்துக்கொள்கிறோம்.